ஐம்பத்தொன்பதில் நின்ற ஊசி

ஜெயசுந்தரி ஆன்ட்டி யாருடனாவது சண்டைக்குக் கிளம்புகிறார் என்றால், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். புடவைத் தலைப்பால் சும்மா ஒரு துடை துடைத்தால் அது சாதாரண நாள். கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் மூன்று முறை துடைத்தார்.

லோத்குண்டாவில் அவர் வீட்டு மாடியில் நான் நான்கு வருஷமாகக் குடியிருக்கிறேன். என் பெயர் சுபாஸ்ரீ. கும்பகோணத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவள். யாரோ எழுதிய மென்பொருளில் யாரோ செய்த தப்பைக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அதனால் தப்பு கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஆன்ட்டியைப் பார்த்த பிறகு அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

"சுபா, இங்க வா. இதப் படி" என்று போனை நீட்டினார். போக்குவரத்து போலீஸிடமிருந்து வந்த அபராதச் சலான். ஹக்கீம்பேட்டை தாண்டி சாமிர்பேட்டை போகும் சாலையில் அறுபது போக வேண்டிய இடத்தில் அறுபத்துநான்கு போனதாகக் குற்றச்சாட்டு. கூடவே படம். படத்தில் ஆன்ட்டியின் சாம்பல் நிறச் சின்னக் கார், நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"உங்க வண்டிதானே ஆன்ட்டி?"

"ஹவ், ஆமா, வண்டி என்னோடது. அறுபத்துநாலு என்னோடது இல்ல. நான் அந்த ரோட்டுல ஊசிய அம்பத்தொம்பதுல வச்சா அது அம்பத்தொம்பதுலதான் நிக்கும்."

அது உண்மை. அந்தச் சாலையில் அவரோடு பல தடவை போயிருக்கிறேன். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். ஆன்ட்டியின் ஊசி அசையாது. இத்தனைக்கும் அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்துமூன்று வயதில். இன்றைக்கு அறுபத்தாறு. பதின்மூன்று வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை, ஒரு சலான் இல்லை.

அவர் கணவர் கொர்னேலியஸ் ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர். இருந்தவரைக்கும் ஆன்ட்டியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவிட்டதில்லை. "நீ கிலோவப் பாரு, கிலோமீட்டர நான் பாத்துக்குறேன்" என்பாராம். அவர் இறந்து நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலை ஆன்ட்டி டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயர் கொடுத்தார். சொந்தக்காரர்கள் வாய் பிளந்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் எல்வினுக்கு வெளியே தலைகாட்ட வெட்கமாக இருந்ததாம். ஆன்ட்டிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கிலோ என்று அங்கிள் சொன்னது ஆன்ட்டியின் வேலையை. எடையளவுத் துறையில் முப்பது வருஷம் ஆய்வாளர். கடைக்காரன் தராசு சரியா, பெட்ரோல் பங்க் லிட்டர் சரியா, ஆட்டோ மீட்டர் சரியா என்று சோதித்து முத்திரை வைக்கும் வேலை. அவர் சேர்ந்தபோது அந்த அலுவலகத்தில் பெண் ஆய்வாளர் அவர் ஒருவர்தான். போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் அவர் ஜீப் நுழைந்தால் "தூனிகல மேடம் ஒச்சிந்தி" என்று கடைக்குக் கடை குரல் ஓடும். எடைக்கல் மேடம் வந்துவிட்டார் என்பதற்குத் தெலுங்கு. வீட்டில் பாளையங்கோட்டைத் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, சந்தையில் உருது. மூன்று மொழியிலும் அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியும். ஆமாம் என்பதை அவர் வாயிலிருந்து வாங்குவதுதான் கஷ்டம்.

அன்று சாயங்காலம் எல்வின் வந்தான். கச்சிபவுலியில் வேலை, மனைவி குழந்தைகளோடு அந்தப் பக்கமே வீடு. அவனுக்கும் சலான் செய்தி வந்திருந்தது. வண்டிக்குப் பதிந்த இரண்டாவது போன் நம்பர் அவனுடையது.

"மம்மி, இதுல சண்ட போட என்ன இருக்கு? ஆன்லைன்ல ஒரு நிமிஷத்துல கட்டிடலாம்."

"கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி."

"ஒத்துக்குங்களேன். வயசாச்சு. ஊசிய சரியாப் பாத்திருக்க மாட்டீங்க. கால் கொஞ்சம் கூட அழுத்தியிருக்கும். உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய கெட்டவார்த்தை கிடையாது. அளவு பார்த்தே வாழ்ந்தவளிடம் உனக்கு அளவு தெரியவில்லை என்கிறான்.

அவனும் சும்மா வரவில்லை என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது. நண்பன் ஒருவன் பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறானாம். நல்ல பையனாம். கொடுத்துவிட்டால் ஆன்ட்டி எங்கே போவதானாலும் போனில் கேப் வரவழைத்துக்கொள்ளலாமாம். சொல்லிக்கொண்டே எழுந்து, இயேசு படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவர்கள் பிரியத்தோடு செய்யும் அக்கிரமம் தனி ரகம். அதற்கு எதிராகப் பேசினால் நாம்தான் பொல்லாதவர்கள் ஆவோம்.

ஆன்ட்டி கத்தவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு. தப்பு என் கண்ணுலயா, என் கால்லயா, இல்ல வேற எங்கயாவதான்னு நான் சோதிச்சுச் சொல்றேன். என் தப்புன்னா வண்டிய நீயே ஓட்டிட்டுப் போ. ஒரு வார்த்த பேச மாட்டேன். இல்லன்னா இனிமே என் சாவிய நீ தொடக் கூடாது."

"மம்மி, ப்ளீஸ்..."

"அதுவரைக்கும் சாவி சுபாகிட்ட இருக்கட்டும். எனக்கு வண்டி வேணும்னா அவ ஓட்டுவா."

என்னை யாரும் கேட்கவில்லை. சாவி என் கைக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் முதலில் சோதித்தது தன்னைத்தான். திருமல்கிரியில் கண் டாக்டர். கடைசி வரி வரை படித்துவிட்டு, "இன்னும் கீழ எழுத்து இருக்கா?" என்று கேட்டாராம். எந்தக் குறையும் இல்லை என்ற சீட்டை வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். அப்புறம் கேமரா. நான் லீவு போட்டு அவரைப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். ஏதோ ஒரு பாட்டியம்மா அழுது அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் அங்கிருந்த அதிகாரி நினைத்திருப்பார். ஆன்ட்டி கேட்டது ஒன்றே ஒன்று: அந்தக் கேமராவைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன, சான்றிதழ் எங்கே? மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மரியாதையாகவே எடுத்துக் காட்டினார். ஆன்ட்டி தேதி, எண், கையெழுத்து எல்லாம் பார்த்துவிட்டு நன்றி சொல்லி வெளியே வந்தார்.

"கேமரா மேல தப்பு இல்ல" என்றார் படியிறங்கும்போதே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ நம்ம கதி?"

"கதி என்ன கதி? கண்ணும் சரி, கேமராவும் சரி. நடுவுல இருக்கிறது ஊசி. வண்டிய சர்வீஸ் சென்டருக்கு விடு."

அங்கே குளிர்சாதன அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வண்டியோடு ஒரு கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்த அனுபமா என்ற பெண், திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ஒரு எர்ரரும் இல்லை, ஸ்பீடோமீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்றாள். டயர் மட்டும் புதிதாக மாற்றியது என்று நான் சொன்னேன். "ஹா மேடம், கொஞ்சம் பெரிசா போட்டிருக்காங்க. லுக் நல்லா இருக்கு. ரீகேலிபரேஷன்லாம் அவசரம் இல்ல" என்று கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டாள். ஊசியை மறுபடி அளவுக்குத் திருத்துவதைத்தான் அப்படிச் சொன்னாள். என் காதில் அது விழுந்தது. தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், எனக்கு உறைக்கவில்லை. ஆன்ட்டி அப்போது காசாளரிடம் டீ கோப்பையில் விரிசல் இருப்பதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவே இல்லை.

அந்த டயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சந்து முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. யார் போட்டார்களோ, சுவர் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட மாதிரி இருக்கும். ஆன்ட்டியின் கார் ஏறி இறங்கும்போதெல்லாம் அடிவயிறு தட்டும். ஜனவரியில் அவர் பிறந்தநாளுக்கு எல்வின் வண்டியை எடுத்துக்கொண்டு போய், உயரமான நான்கு டயர்களைப் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். வேறு எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே ஓட்டலாம் என்று டயர் கடைக்காரன் சொன்னானாம். பழைய நான்கையும் கடைக்காரனே எடுத்துக்கொண்டான். அன்று வண்டி வேகத்தடையைத் தட்டாமல் தாண்டியது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்டும் உள்ளே எங்கோ லேசாக உரசியது. ஆன்ட்டி அதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. சர்ச்சில் பாட்டுக் குழு மொத்தத்துக்கும் என் பையன் வாங்கிக் கொடுத்தது என்று டயரைக் காட்டினார். போதகர் வண்டியின் மேல் கை வைத்து ஜெபம் வேறு பண்ணினார். முப்பது வருஷம் எதையும் சோதிக்காமல் ஒப்புக்கொள்ளாத பெண்மணி, பிள்ளை கொடுத்தது என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை போவன்பள்ளிக்குப் போனோம். மறுநாள் சர்ச்சில் சபை விருந்து, வெங்காயம் வாங்கும் பொறுப்பு ஆன்ட்டியுடையது. நான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுக என் கியரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் நானும் பொறுமையிழந்து, "போன்ல மேப் போட்டா வண்டி போற வேகம் அதுவே காட்டும் ஆன்ட்டி. அதப் பாத்தாப் போதாதா?" என்றேன்.

"உன் போனுக்கு யாரு முத்திர வச்சா?"

நான் கியரை மாற்றினேன். அதையும் குறை சொன்னார்.

வெங்காயக் கடை முகமது யூசுப்புடையது. வாணியம்பாடிக்காரர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஆன்ட்டி அவருடைய தராசைப் பறிமுதல் செய்தவர். கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவாக நின்றதாம். தராசு கீழே விழுந்திருக்கும், எனக்குத் தெரியாதும்மா என்று அவர் அழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். ஆன்ட்டி சொன்ன பதிலை யூசுப் பாய் இன்றைக்கும் என்னைப் போன்ற புது ஆட்களுக்கு நடித்துக் காட்டுவார். "தராசு உன்னுது. அது பொய் சொன்னா நீ பொய் சொன்னதுதான்." அன்றிலிருந்து ஆன்ட்டி வந்தால் தராசின் முகத்தை அவர் பக்கமே திருப்பி வைத்து எடை போடுவார். அது மரியாதையா கிண்டலா என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

மூட்டையை அவரே தூக்கிவந்தார். டிக்கியில் அடிப்பலகை உடைந்து ஒரு வருஷமாகிறது. ஸ்டெப்னி டயர் திறந்தபடி கிடக்கும். மூட்டையை இறக்கப் போனவர் நின்று, பின் சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"ஏம்மா, இது இந்த வண்டியோட ஸ்டெப்னிதானா? தங்கச்சி மாதிரி இருக்கே."

ஆன்ட்டி திரும்பினார். ஸ்டெப்னியைப் பார்த்தார். குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றார்.

எல்வின் மாற்றியது நான்கு டயர். ஐந்தாவதை அவன் மறந்துவிட்டான். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அளவு, யாரும் தொடாமல், மூன்று மாதமாக டிக்கியில் படுத்துக் கிடந்திருக்கிறது.

"யா அல்லா, என்னம்மா ஆச்சு?" என்றார் யூசுப் பாய்.

"நான் முட்டாள் ஆயிட்டேன் பாய்" என்றார் ஆன்ட்டி. "மூட்டைய வையி."

திரும்பி வரும்போது அவர் என் கியரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. போவன்பள்ளி சிக்னலில் நின்றபோது தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"எத்தன ஆட்டோவப் புடிச்சிருக்கேன் தெரியுமா? சின்ன டயர மாட்டிட்டு வருவானுங்க. மீட்டருக்கு ரோடு தெரியாது சுபா. சக்கரம் எத்தன சுத்து சுத்துச்சுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். சின்ன சக்கரம் அதே தூரத்துக்குக் கூட சுத்தும், மீட்டர் எகிறும். இங்க அப்படியே தலகீழ். பெரிய சக்கரம் கம்மியா சுத்துது. ஊசி பழைய சக்கரம்னு நெனச்சு கம்மியாக் காட்டுது. வண்டி அதுபாட்டுக்கு வேகமாப் போகுது. இது எனக்குத் தெரியாததா? என் புள்ள குடுத்தான்னு பாக்காம விட்டேன்."

"எல்வினுக்கு போன் பண்ணிடலாமா?"

"நக்கோ, வேண்டாம். சொன்னா சாக்குன்னு நெனப்பான். அவனே ஓட்டட்டும், அவன் காலு, அவன் கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் விருந்தும் முடிந்து எல்வின் நேராக வந்தான். வண்டியை எடுத்துப் போகும் முகத்தோடுதான் வந்தான். ஆன்ட்டி அவன் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

முதலில் காற்று சரியாக இருக்கிறதா என்று எல்லா டயரிலும் பார்த்தார். பிறகு ஸ்டெப்னியை டிக்கியிலிருந்து இறக்கி, ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சந்தில் நேராக உருட்டச் சொன்னார். சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையோடு எல்வின் குனிந்து டயர் உருட்ட, எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். கோடு பத்து முறை தரையைத் தொட்டதும் நிறுத்தி, டேப் வைத்து அளந்தேன். பத்தொன்பது மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். அடுத்து கார். அதன் முன்சக்கரத்தில் கோடு போட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்து நானும் அவனும் தள்ளினோம். அதே பத்துச் சுற்று. இருபத்தொரு மீட்டர்.

எல்வின் கையைத் தட்டிக்கொண்டு, "அதுக்கென்ன இப்போ? பெரிய டயர் பெரிசாத்தானே இருக்கும்" என்றான்.

"ஹவ். வண்டில ஏறு."

சாமிர்பேட்டை சாலையில் அவன் ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஆன்ட்டி முன் இருக்கையில், மடியில் நோட்டு, கையில் ஒரு பழைய நிறுத்துக் கடிகாரம். ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் கொடுத்தது.

"ஊசிய அம்பதுல நிறுத்து. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். உன் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு மம்மி."

"அம்பதுல போனா ஒரு கிலோமீட்டருக்கு எத்தன செகண்டு?"

அவன் கணக்கு போட்டு, "எழுபத்திரெண்டு" என்றான்.

சாலையோரக் கிலோமீட்டர் கல் வந்தது. கடிகாரத்தை அமுக்கினார். அடுத்த கல்லில் நிறுத்தினார். அறுபத்தாறரை விநாடி. அடுத்த கல். அறுபத்தேழு. அதற்கடுத்தது மறுபடி அறுபத்தாறரை. ஊசி ஐம்பதில் அறைந்த மாதிரி நின்றது. நான் திருட்டுத்தனமாக என் போனைப் பார்த்தேன். அது ஐம்பத்துநான்கு என்றது.

"உன் போன் என்ன சொல்லுது?" என்றார் ஆன்ட்டி திரும்பாமலேயே.

சொன்னேன்.

"பரவால்ல, அதுவும் ஒழுங்காத்தான் இருக்கு."

பத்துக் கல் முடிந்ததும் ஓரம் கட்டச் சொன்னார். வண்டியின் தூரமானியைக் காட்டி, "எவ்வளவு ஓடியிருக்கு, படி" என்றார். ஒன்பது புள்ளி இரண்டு என்றான் எல்வின். வெளியே பத்தாவது கல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், மறுபடி எண்ணைப் பார்த்தான்.

"ஊசி அம்பத்தொம்பதுன்னா வண்டி எவ்வளவு?" என்று கேட்டார் ஆன்ட்டி.

இந்த முறை அவன் போனை எடுத்துக் கணக்கு போட்டான். நேரம் எடுத்துக்கொண்டான். "அறுபத்துநாலு" என்றான் மெதுவாக.

"கேமரா சொன்னது அறுபத்துநாலு. என் கண்ணு சொன்னது அம்பத்தொம்பது. கேமராவும் சரி, என் கண்ணும் சரி. பொய் சொன்னது ஊசி. அத பொய் சொல்ல வச்சது யாரு எல்வின்?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். லாரி ஒன்று எங்களைக் குலுக்கிவிட்டுப் போனது.

"நான்தான் மம்மி."

"என் காலு கூட அழுத்துச்சா?"

"இல்ல. சாரி மம்மி."

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். எல்வினுக்குச் சட்டென்று வேகம் வந்துவிட்டது. டயர் கடைக்காரனை விடக் கூடாது, இந்தக் கணக்கையெல்லாம் எழுதிக் கொடுத்தால் சலானை ரத்து செய்துவிடுவார்கள், மம்மி மேல் தப்பே இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனான். ஆன்ட்டி நோட்டை மூடினார்.

"சலான நான் கட்டப் போறேன். முழுசா, நாளைக்கே."

"கைக்கு மம்மி, எதுக்கு? நீங்கதான் தப்பே பண்ணலையே!"

"ரோட்டுல அறுபத்துநாலு போனது யாரு வண்டி? யூசுப் பாய் என்கிட்ட இதே கததான் சொன்னாரு. தெரியாதும்மா, தராசு விழுந்துடுச்சும்மான்னு. நான் கேட்டனா? தராசு உன்னுதுன்னேன். இன்னைக்கு எனக்கு வந்ததும் மாத்திப் பேசுவனா? இந்த ரோட்ட யாராவது குறுக்க தாண்டியிருந்தா அவங்க மேல மோதுறது ஊசி இல்ல, வண்டி."

அவன் சாவியைக் கழற்றி நீட்டினான். ஆன்ட்டி வாங்கவில்லை. முத்திரை இல்லாத தராசைத் தான் தொடுவதில்லை என்றார். ஊசி சரியாகும் வரை அவரும் ஓட்டமாட்டார், யாரும் ஓட்டக் கூடாது. வீட்டுக்கும், சரிசெய்யும் இடத்துக்கும் கொண்டுபோக மட்டும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நாற்பது போக ஊசி முப்பத்தேழு, ஐம்பதுக்கு நாற்பத்தாறு, அறுபதுக்கு ஐம்பத்தைந்து. அதைப் பார்த்துப் பார்த்து எல்வின் ஓட்டிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் வண்டி நின்றதும், ஊசி மறையாமல், அதன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டினார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ரிஜெக்டட் என்று எழுதி, கீழே தேதி, கையெழுத்து.

திங்கட்கிழமை மறுபடி சர்வீஸ் சென்டர். இந்த முறை ஆன்ட்டி டீ வேண்டாம் என்றுவிட்டார். நோட்டைத் திறந்து அனுபமாவின் முன்னால் வைத்தார். அந்தப் பெண் படித்தாள். முகம் மாறியது. நல்ல பெண்தான், மேலே யாருக்கோ போன் பண்ணி விசாரித்து வந்து நேராகவே சொன்னாள். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு ஆன்ட்டி. டயர் இவ்ளோ பெரிசானா ஊசியத் திருத்தியே ஆகணும். சில வண்டிகள்ல டயர் அளவ கம்ப்யூட்டர்ல மாத்திப் பதியலாம். இந்த மாடல்ல அந்த வசதி இல்ல. பழைய அளவுக்கே திரும்பணும், வேற வழியில்ல."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா உன் டீய நான் குடிச்சிருப்பேன்" என்றார் ஆன்ட்டி.

எல்வினே அந்தச் சீட்டைப் பார்த்துக் கடை வரை ஓட்டிப்போய், பழைய அளவில் நான்கு டயர் போட்டுக் கொண்டுவந்தான். சந்து முனையில் வண்டி ஏறி இறங்கியபோது அடிவயிறு தட்டிய சத்தம் வீட்டுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. அவன் சங்கடமாகச் சிரித்தான். ஆன்ட்டி, "தட்டட்டும். தட்டினா தட்டுச்சுன்னு சத்தமாச் சொல்லுதுல்ல, அது போதும்" என்றார். சாக்பீஸ், பத்துச் சுற்று, பத்தொன்பது மீட்டர் நாற்பது. சாமிர்பேட்டை சாலையில் எல்வின் ஐம்பதில் ஓட்ட, கல்லுக்குக் கல் எழுபத்திரண்டு விநாடி. அதற்குப் பிறகுதான் காகிதத்தை உரித்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். அறுபது என்று போர்டு வைத்த அதே சாலை. கேமரா கம்பம் தூரத்தில் தெரிந்தது. ஊசி ஐம்பத்தொன்பதில் நின்றது.

"மம்மி, அம்பத்தஞ்சுல போங்களேன். எதுக்கு வம்பு?" என்றான் எல்வின்.

"போர்டு அறுபதுன்னு சொல்லுது. நான் அம்பத்தொம்பதுல போறேன். நான் எதுக்குப் பயப்படணும்?"

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஆன்ட்டி காலை எடுக்கவில்லை. கேமராவைக் கடக்கும்போது முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி அதையே பார்த்துக்கொண்டு போனார், படம் எடுப்பதானால் நன்றாக எடுக்கட்டும் என்பது போல. எல்வின் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு வாரம் அவன் தினமும் போனில் சலான் வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தான் என்று பிறகு தெரிந்தது. எதுவும் வரவில்லை. ஆன்ட்டி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. புதன்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் பாட்டுக் குழுவின் இரண்டு அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போனார், கொண்டுவந்து விட்டார். சனிக்கிழமை போவன்பள்ளிக்குத் தனியாகப் போய் யூசுப் பாயிடம் முழுக் கதையையும் சொல்லி, தராசு என்னுதுதான் பாய், கட்டிட்டேன் என்றாராம். யூசுப் பாய் அன்றுதான், இருபது வருஷத்தில் முதல் தடவையாக, தராசைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு எடை போட்டாராம்.

அடுத்த ஞாயிறு எல்வின் தன் காரில் வந்தான். உயரமான பெரிய வண்டி. உள்ளே வராமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். டயரைக் காலால் தட்டினான். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மம்மி" என்றான். "போன வருஷம் இதுலயும் அதே கடையிலதான் பெரிசா மாத்தினேன். குழந்தைங்க தினமும் இதுலதான் ஸ்கூலுக்குப் போறாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

ஆன்ட்டி வெளியே வந்து அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உள்ளே போய் நோட்டு, சாக்பீஸ், கடிகாரத்தோடு திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சாவியக் குடு" என்றார்.

எல்வின் கொடுத்தான்.